நீங்க சொன்ன ஸ்பீடு

ஹலோ... ஆமாங்க, கயல்விழிதான்... யாரு, பிரபாகரன் சாரா? சொல்லுங்க சார்... இல்ல, சரியா கேக்கல. விருத்தாசலத்துல அப்பாவோட செராமிக் ஷெட்டுல நிக்கறேன், மண்ணு அரைக்கிற மிஷின் ஓடுது. வெளிய வரேன், இருங்க... ம், இப்ப சொல்லுங்க.

கை எப்டி இருக்குது சார்?... மாவுக்கட்டு எப்ப பிரிப்பாங்க?... சரி, சரி... எனக்கு அடியெல்லாம் ஒண்ணுமில்ல. தூக்கந்தான் வரல.

...பிளேன் வுழுந்த விசாரணையா? ஆமா, ஆமா, நாளைக்கி காலையில. வரேன்... என்ன சொல்லணும்?... சார், ஒரு நிமிஷம். நீங்க சொல்லித்தான் நான் ஸ்பீட ஏத்தினேன்னு சொல்லணுமா?

...இல்ல சார், நீங்க அப்டி சொல்லல. எஞ்சின் நின்னதும் "அறுபதுல புடி, அறுபதுல புடி"ன்னு கத்தினீங்க... தனியா பறக்கறப்ப அறுபது சரிதான். அன்னைக்கி ரெண்டு பேரு, டேங்க்கு ஃபுல்லு. வெயிட்டு ஏறினா ஸ்பீடும் ஏறணும், அப்பதான் அதே தூரம் போவும். எதுத்தாப்ல காத்து வேற அந்த அடி அடிக்குது... ஆமா, ஸ்பீட ஏத்த பிளேன் மூக்க இறக்குனா தரை சீக்கிரம் வந்துடும்னு தோணும்தான். எனக்கும் தோணிச்சு. ஆனா மெதுவா போனா அந்தக் காத்து நம்மள நகர வுடாது சார், ஏரித் தண்ணியிலதான் எறங்கியிருப்போம். எழுபத்தஞ்சுக்குத் தள்ளினேன், கரையத் தாண்டி அறுத்த வயல்ல போயி வுழுந்தோம். அவ்ளோதான்... பத்து நாளா இதையே எத்தினி பேருக்குச் சொல்றது? வாயே வலிக்குது.

...அழாதீங்க சார்... வேல போயிடும்னு தெரியுது. சொன்ன பேச்சக் கேக்கல, பைலட் லைசென்ஸ் குடுக்காதீங்கன்னு, எனக்குப் பறக்கச் சொல்லிக்குடுத்த நீங்கதான அன்னைக்கி எழுதிக் குடுத்தீங்க?... விசாரிக்க வந்த ஆபீசருங்க படிச்சிக் காமிச்சாங்க... இப்ப அவங்க கணக்குப் போட்டு எழுபத்தஞ்சுதான் சரின்னதும், நீங்க சொன்னதா ஆயிடுமா?... கோவமில்ல சார். கோவப்படக்கூட தெம்பில்ல.

...மாத்த முடியாது. நேத்தே எழுதி அனுப்பிட்டேன்... நடந்தததான். நீங்க அறுபதுன்னு சொன்னீங்க, நான் கேக்கலன்னு... இருங்க, முழுசா கேளுங்க. கத்தினீங்களே தவிர, கன்ட்ரோல என் கையிலேர்ந்து புடுங்கல. நெனச்சிருந்தா புடுங்கியிருக்கலாம். நீங்க வுட்டதாலதான் ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்னு அதையும் எழுதியிருக்கேன்...

சார்?... சார், இருக்கீங்களா?... ஹலோ?...

வெச்சிட்டாரு.