மோமே வரைந்த கடல்

தேநீர் கொஞ்சம் நீர்த்துப்போயிருக்கிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. இந்த ஹூசும் ஊர்த் தண்ணீரே அப்படித்தான். எங்கள் தீவில் மழைநீரைப் பிடித்து வைத்துத் தேநீர் போடுவோம். அந்த ருசி கரையில் வராது.

என் பெயர் கைகே லோரென்சன். ஓவியர் மோமே லோரென்சனின் அக்கா. வெள்ளம் அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோன பிறகு அவனை வளர்த்தது நான்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. அவர்கள் வீடெல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம், கரையில் இருந்தது. தம்பியை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது?

அவன் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கந்தக மஞ்சளில் வானம், ஈரல் நிறத்தில் கடல், பச்சையும் சிவப்புமாகப் பதறும் முகங்கள். முதலில் தீவே சிரித்தது. வெள்ளத்துக்குப் பயந்து மண்மேட்டில் வீடு கட்டுவோம் நாங்கள்; பக்கத்து மேட்டு வீட்டுக்காரர் கேட்டல் ஒருநாள் வந்து நின்று, "ஏம்ப்பா மோமே, என் மாட்டுக்கு ஏன் நீலம் பூசியிருக்க? அதுக்கென்ன குளிர் ஜுரமா?" என்று கேட்டார். "கன்னு செத்த அன்னிக்கு அது கத்துச்சு பாருங்க, அந்தச் சத்தம் நீலமா இருந்துச்சு" என்றான் மோமே. கேட்டல் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து ஆட்கள் வந்து படங்களை வாங்கிப் போனார்கள்.

கித்தானை இழுத்து ஆணியடித்து, முயல்தோல் பசை காய்ச்சித் தடவி, வெள்ளை பூசிக் கொடுப்பது என் வேலை. அவன் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் காற்றிலிருந்து, எங்கள் சேற்றிலிருந்து, எங்களை அனாதையாக்கிய அந்தத் தண்ணீரிலிருந்து. வேறெங்கிருந்து வரும்?

பிறகு அவன் சிசிலிக்குப் போனான். ஒரு குளிர்காலம் என்று சொல்லிப் போனவன், அடுத்த குளிர்காலமும் கழிந்துதான் வந்தான். கூடவே, அங்கே அவன் கல்யாணம் செய்துகொண்ட நுன்சியா வந்தாள். பெட்டியில் வந்த படங்களில் வெளுத்த சுவர்கள், எலுமிச்சை மரங்கள், வெயிலில் படுத்திருக்கும் நாய்கள். அழகாகத்தான் இருந்தன. நான் அவற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தப் பெட்டியில் ஒரே ஒரு படம்தான் எங்களுடையது. கரையை உடைத்து ஏறிவரும் கறுத்த கடல். அவன் வரைந்ததிலேயே பெரிய படம் அது. இங்கே தொடங்கியதைச் சுருட்டி எடுத்துப் போயிருக்கிறான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

நுன்சியா நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் உருளைக்கிழங்கை எண்ணெயில் வதக்கினாள். நாங்கள் வெறும் தண்ணீரில் வேகவைப்போம். மோமே சாப்பிடும்போது சிரித்தான். ஒருநாள் அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா, வசந்தம் வந்ததும் நாங்க அங்கேயே போயிடலாம்னு இருக்கோம். இங்க மூச்சு முட்டுது."

"இன்னும் கொஞ்சம் கிழங்கு வெச்சுக்கோ" என்றேன்.

மறுநாள் நானும் நுன்சியாவும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் புரியட்டும் என்றுதான் பேச்சை எடுத்தேன். "அங்க போனா அவன் கை செத்துப்போயிடும்மா. இந்த மண்ணுதான் அவனை வரைய வைக்குது."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் கருப்புக் கடல் இருக்கே அக்கா, அதை எங்கப்பா கடை மாடியில உக்காந்துதான் வரைஞ்சாரு. வெளிய வெயில் கொளுத்துது, இவரு ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டு அழுதுக்கிட்டே வரைஞ்சாரு. ஊர்ல இருந்தவரைக்கும் அந்தக் கடலை நேரா பாக்கவே பயமா இருந்துச்சு, இவ்ளோ தூரம் வந்தப்புறம்தான் பாக்க முடியுதுன்னாரு."

அன்று மாலை மோமேயிடமே கேட்டேன். "ஆமாக்கா" என்றான். அவ்வளவுதான்.

ஆக, அங்கே போனாலும் அவன் கை சாகாது என்று எனக்குத் தெரியும். நடந்தது அதற்குப் பிறகுதான். வரிசை மாறாமல் எழுதுங்கள்.

அக்டோபரில் மோமேக்குக் காய்ச்சல். கடல் உள்வாங்கி அடிச்சேறு தெரியும் நேரத்தில் நுன்சியா சேற்றுவெளியைத் தனியாகக் கடந்து கரைக்கு வந்தாள், மருத்துவரைப் பார்க்க. எதற்கென்று அவள் சொல்லவில்லை. வீட்டுத் துணி முழுவதையும் துவைப்பவளுக்கு, மாதக் கறை நின்றுபோனதைச் சொல்ல வேண்டியதில்லை. அவள் திரும்பி வரும் நேரத்தில் பனி இறங்கியது. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியே ஆள் இருந்தால் வீட்டு வாசலில் உள்ள மணியை அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறவர் மேடு ஏறுவார். எங்கள் தீவில் பேசப் பழகும் முன்பே குழந்தைகளுக்கு இது தெரியும்.

நான் முதலில் மாடிக்குப் போய் மோமேக்குத் தூக்க மருந்து கொடுத்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பிறகு வாசலுக்கு வந்து மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் குரல் கேட்டது. முதலில் மோமே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் என்னை. "கைகே அக்கா, மணி அடிங்க, எனக்குப் பக்கம் தெரியல" என்றாள். பயந்த குரல் இல்லை. நான் அங்கேதான் நிற்பேன் என்று நம்பிய குரல். குரல் இடப்பக்கமாக நகர்ந்தது. அங்கே ஆழமான ஓடை இருக்கிறது. கடல் திரும்ப ஏறத் தொடங்கினால் முதலில் நிறைவது அதுதான். இன்னும் சில முறை கூப்பிட்டாள். பிறகு தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும்தான்.

நான் உள்ளே போய் அடுப்பில் கிழங்கு வைத்தேன்.

"மணி அடிச்சியா?" என்று மோமே கேட்டான். "கை ஓயுற வரைக்கும் அடிச்சேன்" என்றேன். நம்பினான். தான் தூங்கிவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டு சுவரில் தலையை மோதிக்கொண்டான். நான்தான் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் பிடித்துக்கொண்டது போலவே.

இனி வரைவான் என்று நினைத்தேன். இந்தத் துக்கத்துக்கு ஈடான துக்கம் எந்த ஊரில் கிடைக்கும்? இருப்பதிலேயே பெரிய கித்தானுக்கு வெள்ளை பூசி மாடியில் நிறுத்தினேன். அவன் அதன் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். தூரிகையைத் தொடவில்லை. உடலைக் கண்டெடுத்துப் புதைத்த பிறகு பெட்டியைக் கட்டினான்.

"அவங்க அப்பாகிட்ட நானே போய்ச் சொல்லணும்க்கா. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றான்.

இப்போது இந்த ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் இருக்கிறான். நாளைக் காலை வண்டி.

யாருமே சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் எழுத வேண்டியது அதுதானே. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவன் கலைக்காகச் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இந்த மாதிரி வழக்கில் விசாரணை முடியும்வரை, இறந்தவளின் கணவன் ஊரை விட்டுப் போக முடியாது, இல்லையா ஐயா?