மாத்திரை அத்தியாயம்

கெட்ட கதையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் ஐயா, ஓட்டைக் கதைதான் எனக்கு ஆகாது. அரசியல் மர்ம நாவல்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. சதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, வாசகன் நம்ப வேண்டும்.

செத்துப்போன எழுத்தாளர் தங்கமான மனிதர். பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிடுமுன் இதய மாத்திரை போடுவார், நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கற்பனை மட்டும் கொஞ்சம் மட்டம். கடைசி நாவலில் மந்திரியை அவருடைய செயலாளரே மொட்டை மாடியில் வைத்துச் சுடுகிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அத்தியாயத்தை முழுக்க அடித்துவிட்டு, மாத்திரையை மாற்றிவைத்துக் கொல்வதாக நானே எழுதினேன். படித்துவிட்டு, "இப்பதாண்ணே நம்புற மாதிரி இருக்கு" என்றார்.

இருக்காதா பின்னே. என் மனைவியின் தம்பி அப்படித்தான் மந்திரியானான். பழைய மந்திரிக்குச் செயலாளராக இருந்தவன். ஒருமுறை குடித்துவிட்டு என்னிடம் உளறினான். வீட்டு விஷயம், நான் வெளியே மூச்சு விட்டதில்லை. எழுதும்போது அது ஞாபகத்தில் இருந்ததா என்றால், இல்லை. வேலையில் உட்கார்ந்தால் எனக்கு வேறு நினைப்பே வராது.

என் மேஜையில் கிடந்த அந்த நாவலின் அச்சுப்படியை ஒருநாள் மைத்துனன் புரட்டினான். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இது அந்தாளுக்கு எப்படித் தெரியும்?"

நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குடும்பம் என்னாவது? "எங்கேயோ மோப்பம் பிடிச்சிருக்கார்" என்றேன்.

மறுவாரம் அவன் வேறு மாத்திரை கொண்டுவந்தான். எழுத்தாளர் சாப்பிட வந்தபோது வழக்கம்போல் நான் எடுத்துக் கொடுத்தேன். "நீங்க இல்லன்னா இதையும் மறந்துடுவேன், அண்ணே" என்று சிரித்தபடி விழுங்கினார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஓட்டை எதுவும் இல்லை. எனக்கு வருத்தம்தான், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இறந்தவரின் கடைசி நாவல் என்று பதிப்பக முதலாளி அவசரமாக அச்சடித்தார். தடுத்தால் சந்தேகம் வரும் என்று மைத்துனனும் வாயை மூடிக்கொண்டான்.

உங்களில் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, தெரியும். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. எல்லா விமர்சனத்திலும் மாத்திரை அத்தியாயத்தைத்தான் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், அவருடைய மேதைமை என்று.

ஐயா, அதில் அவர் எழுதியது ஒரு வரிகூடக் கிடையாது.