வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு ஓடிய இரண்டு வரிகள்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் கமலாசனி அம்மையார் அவர்களே! குண்டசாலையிலிருந்து பஸ் ஏறியும் மஹய்யாவயிலிருந்து நடந்தும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கறுப்புத் திரையின் முன்னே கண் சிவக்கச் சிவக்கக் கட்டளை எழுதும் என் தோழர் தோழியரே! சஞ்சயன் என்னும் இச்சிறியவனின் வணக்கம், ஸலாம்.

கணினியின் கட்டளை வரியில் கைகொடுக்கும் குறிப்புகளைப் பேசச் சொன்னார்கள். ஆனால் நான் பயந்துபோய் நிற்கிறேன். மேடையைக் கண்ட பயமா? இல்லை. கூட்டத்தைக் கண்ட பயமா? இல்லை, இல்லை. என்டர் பட்டனைக் கண்ட பயம்! சிரிக்கிறார் நம் தோழர் பவாஸ். சிரியுங்கள் தம்பி, போன ஆனி மாதம் வரைக்கும் நானும் சிரித்தவன்தான்.

எங்கள் சிறிய உதவி நிலையத்தில் தேயிலைத் தோட்டத்து மக்களின் பழைய கடதாசிகளை ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டு, கடதாசியை அவர்களிடமே திருப்பிக் கொடுப்போம். வெள்ளிதோறும் பின்னேரம் எங்களோடு வேலை செய்யும் ஹலீம் நானா அந்தப் படங்களை ஒரு டிஸ்க்கில் பிரதி எடுப்பார். டிஸ்க்கில் குவிந்த மிகப் பழைய பிரதிகளை அழிக்க, கட்டளைகளைக் கோத்து நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டே வரி! முதல் வரி, டிஸ்க்கில் மிகப் பழைய பிரதிகளை ஒதுக்கிய ஃபோல்டருக்குள் போ. இரண்டாம் வரி, அங்கே இருப்பதையெல்லாம் அழி. புதன்கிழமை ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது. இனி வெள்ளிதோறும் ஒரு மணிக்குத் தானாக ஓடட்டும் என்று விட்டேன். ஜும்ஆத் தொழுகை நேரம் அல்லவா, அலுவலகம் வெறிச்சோடியிருக்கும், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைத்தேன்.

அலுவலகம் வெறிச்சோடியிருக்கும் என்பதால்தான், பள்ளிவாசலுக்குப் போகுமுன் ஹலீம் நானா டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் பூட்டுவார். எத்தனையோ வருடத்துப் பழக்கம். நான் கேட்டேனா? கேட்கவில்லை. அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை!

ஒரு மணி. முதல் வரி டிஸ்க்கைத் தேடியது, காணவில்லை. நின்றதா? நிற்கவில்லை! இரண்டாம் வரி, தான் நின்ற இடத்திலேயே, எங்கள் மூலப் படங்கள் இருந்த ஃபோல்டரிலேயே, துடைத்தெடுத்தது. தொழுதுவிட்டு வந்த ஹலீம் நானா கூப்பிட்டார்: "சஞ்சயன், இதுல ஒண்டுமே இல்லயே!" ஓடிப்போய்ப் பார்த்தேன், வெறும் ஃபோல்டர்!

"குப்பைத் தொட்டியில் இருக்காதா?" என்று யாரோ கேட்கிறீர்கள். இந்தக் கட்டளைக்குக் குப்பைத் தொட்டி கிடையாது ஐயா. அலுமாரியில் பூட்டிய டிஸ்க்தான் எங்களைக் காத்தது. ஆனால் அதற்கு முந்தின வெள்ளி வரைக்கும் எடுத்த பிரதிகள்தான் அதில் இருந்தன. அந்த வாரம் வந்த பன்னிரண்டு பேரையும் கடதாசிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னோம். பதினொரு பேர் வந்தார்கள்.

பன்னிரண்டாவது ஆள் ஹுன்னஸ்கிரிய பக்கத்து அங்கம்மா. அறுபத்திரண்டு வயதிலும் அடையாள அட்டை இல்லாதவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறப்புத் துண்டு ஒன்றுதான் அவரிடம் இருந்தது. சனிக்கிழமை மழை கொட்டியது. ஞாயிறு காலை அந்தப் பக்கத்து மண்சரிவுச் செய்தி கேட்டபோது, தாய்மார்களே, எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார். மகள் வீட்டில் இருந்ததால் உயிர் தப்பியவர். "தம்பி, வீடு மண்ணோட போயிருச்சுங்க. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியல. எப்படியும் கடுதாசி ஒங்க கம்பியூட்டர் பெட்டியில பத்திரமா இருக்குல்ல?"

இருக்கிறது என்று பொய் சொல்ல வாய் வந்தது. "இல்லையம்மா. நான்தான் அழிச்சுப்போட்டன்" என்றேன்.

அவர் திட்டவில்லை, அழவில்லை. "அப்ப நான் பொறந்ததுக்குச் சாட்சி யாரு தம்பி?" என்று கேட்டார்.

தோழர்களே! என்ன எழுதியிருக்க வேண்டும் நான்? இரு வரிகளுக்கும் இடையே இரண்டு அண்ட் குறி! போய்ச் சேர்ந்தால் மட்டும் அழி என்று அதற்கு அர்த்தம். அழிக்குமுன் எக்கோ என்ற கட்டளையைப் போட்டு, அழியப்போகும் பெயர்களைத் திரையில் வாசித்துப் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அறையில் யார் என்ன செய்கிறார் என்று வாய் திறந்து கேளுங்கள். பயப்படுங்கள்! என்டரைத் தட்டுமுன் ஒரு கணம் பயந்து நில்லுங்கள்!

அங்கம்மா அதோ மூன்றாம் வரிசையில், பச்சைச் சேலையில் இருக்கிறார். அறுபதுகளில் அந்தப் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த தாதியோ மருந்துக்காரரோ, அவர்கள் பிள்ளைகளோ உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் போகுமுன் அவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. கைதட்ட வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள், வணக்கம்.