குழாயின் வாய்க்குள்

"ஏளா, ஒனக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று அருமைநாயகம் அண்ணாச்சி ஒருமுறை என்னிடம் கேட்டார். மில்லர்புரத்தில், விசேஷ வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் அவருடைய ரேடியோ செட் கடையில் உட்கார்ந்து இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் பதில் சொல்லவில்லை. அந்த வயதில் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாள் முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இப்போது பதில் சொல்லலாம். எனக்கு எந்தப் பாட்டும் தனியாகப் பிடிக்காது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் சின்னதாக ஓர் அமைதி வரும். பந்தலில் இருக்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதில் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் என் கையில் இருப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கும்.

என் பெயர் பிலோமி. என் அண்ணன் ரோச். அப்பா சங்கு குளிக்கிறவர். எங்கள் தெருவில் ஆண்கள் பலருக்குக் காது கேட்காது. ஆழத்தில் தண்ணீர் அழுத்தி உள்ளே கிழிந்துவிடும். யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. பேசுகிறவர்கள் உரக்கப் பேசுவார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவில் எந்நேரமும் சண்டை நடப்பதாக நினைத்துக்கொண்டு போவார்கள். ரோச்சும் கொஞ்ச நாள் அப்பாவோடு கடலில் இறங்கினான். அவனுக்கு ஒத்துவரவில்லை. அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று தட்டுத் துடைக்க என்னையும் கூட்டிப் போனான்.

மூங்கில் நட, ஒயர் இழுக்க, ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பூட்ட எல்லாம் ரோச் சீக்கிரம் கற்றுக்கொண்டான். பாட்டு எடுக்க மட்டும் அவனுக்கு வராது. உடன்குடியில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டிய கையோடு, செத்துப்போன மனைவியை நினைத்துப் புருஷன் பாடுகிற பாட்டைப் போட்டுவிட்டு அடி வாங்கப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் என்னை வெளியூர் வேலைக்கும் கூட்டிப் போனான். செட்டுக்கு முன்னால் ஒரு சேலையைத் திரையாகக் கட்டுவோம். நான் உள்ளே இருந்து தட்டுகளை எடுத்துக் கொடுப்பேன். போகப் போக முள்ளையும் நானே வைத்தேன், வால்யூம் குமிழையும் நானே பிடித்தேன். ரோச் வெளியே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பான். ஒரு பெண்பிள்ளை ரேடியோ செட் போடுகிறாள் என்று தெரிந்தால் எங்கள் பக்கம் யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கும் அதில் குறையில்லை. என்னை யாரும் பார்க்காதது எனக்கு வசதியாகவே இருந்தது.

சாத்தான்குளத்துக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளத்துரை, முதல் பந்தியில் தனக்கு இலை போடவில்லை என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். பெண் வீட்டார் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி, கோபித்துக்கொண்டு போகும் காதலியைத் திரும்பக் கூப்பிடுகிற பாட்டு ஒன்றை வைத்தேன். முதல் வரியிலேயே பந்தல் சிரித்துவிட்டது. அவர் அப்படியே நின்றார்.

"ஏலே ரேடியோ செட்டு, நான் என்ன ஒம் பொண்டாட்டியால?"

"கோவிங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. சாப்பிட்டுட்டு கோவிங்க. வெறும் வயித்துல கோவிச்சா தல சுத்தும்," என்றான் ரோச்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ரோச்சுக்குப் பெயர் பரவியது. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். அண்ணாச்சி பழைய செட் ஒன்றை எங்களுக்கே விட்டுக்கொடுத்தார். ஒலிபெருக்கிக் குழாய்களில் 'ரோச் ரேடியோ செட், தூத்துக்குடி' என்று சிவப்பில் எழுதினோம். எழுத்து என்னுடையது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாத நான், ஒரு ஊரையே அழ வைக்கவும் சிரிக்க வைக்கவும் பழகிக்கொண்டேன்.

எழுபத்து நான்கில் புதுத் துறைமுகம் வந்தது. தெருவில் எல்லாருக்கும் கப்பல் ஆசை வந்தது. எங்கள் மாமா ஒருவர் கப்பலில் சமையல்காரர். அவர் ரோச்சுக்கு ஒரு வேலை பார்த்து வைத்தார். மருத்துவச் சோதனையில் தேறினால் போதும் என்றார். ரோச்சுக்கு இன்பமணி என்ற பெண்ணையும் பேசி முடித்தார்கள்.

"செட்ட அண்ணாச்சிக்கே திருப்பிக் குடுத்துருவோம்ளா. நீ எவ்வளவு காலத்துக்கு சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருப்ப? முதல் லீவுல வந்து ஒனக்கு மாப்பிள்ள பாக்கேன்," என்றான் ரோச். அன்பாகத்தான் சொன்னான். அவன் என்னிடம் ஒருநாளும் கடுமையாகப் பேசியதில்லை.

அவன் போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். ஒரு அடுப்படியும் ஒரு கதவும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. உப்புக் காற்றில் குழாய்க்குள் சத்தம் எழுப்பும் யூனிட் சீக்கிரம் கெட்டுவிடும். கரகரப்பு முதலில் மிக மெல்லியதாகத்தான் இருக்கும், தூரத்தில் நின்றால் தெரியாது. அதனால் ரோச் மூங்கிலில் ஏறிக் குழாயைக் கட்டி முடித்ததும், அதன் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, குதிகாலால் மூங்கிலைத் தட்டுவான். நான் கீழே குமிழை மிகக் குறைத்து, முள்ளை வைப்பேன். கொசு பாடுவது போல வரும் அந்தச் சத்தத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

முதல்முறை நடந்தது தற்செயல். முந்தின வேலையில் குமிழ் முழுவதும் திரும்பியபடி இருந்திருக்கிறது. நான் பார்க்காமல் முள்ளை வைத்துவிட்டேன். ரோச் மூங்கிலோடு சறுக்கிக்கொண்டு கீழே வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். "வோல்டேஜ் ஏறிட்டுண்ணே," என்றேன். கிராமங்களில் வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. அவன் நம்பினான். காதுக்குள் இரைச்சல் போகவில்லை என்பதால் மருத்துவச் சோதனையைத் தள்ளிப்போட்டார்கள்.

இரண்டாம் முறை, முள்ளை வைப்பதற்கு முன் குமிழ் முழுவதும் திரும்பியிருக்கிறதா என்று நானே பார்த்தேன்.

ஒரே நாளில் செய்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. இடைவெளி விட்டேன். நல்ல குழாய்களில் மட்டும் செய்தேன், கரகரப்புள்ளதில் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் ஏறும்போது, இன்றைக்கு மட்டும் தலையை உள்ளே விடாமல் இருந்தால் விட்டுவிடலாம் என்று நினைப்பேன். அவன் தலையை விடுவான். கூட்டி வைத்தது நான்தான், ஆனால் அவனும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவனுக்குக் காது போனால் கடலைத்தான் சொல்வார்கள்.

"அப்பனோட எறங்குனான்லா, அது இப்பம் வேலையக் காட்டுது," என்று அம்மா அழுதாள்.

அப்பா சிரித்தார். "வால ரோச்சு. இனி வீட்டுல ரெண்டு பேருக்கு ஒங்கம்மா வையுதது கேக்காது."

குளியாளிகளுக்குச் செய்வது போல, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அம்மா அவன் காதில் ஊற்றினாள். கிழிந்த காதில் எண்ணெய் ஊற்றினால் சீழ் பிடிக்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தது நான். சூடு அதிகமில்லாமல் பார்த்துத்தான் கொடுத்தேன்.

சோதனையின்போது கப்பல் டாக்டர் ரோச்சின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சில எண்களைச் சொன்னாராம், திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து ரோச் சிரித்தபடியே நின்றிருக்கிறான். அவன் தேறவில்லை என்று மாமா வந்து சொன்னார். இன்பமணி வீட்டாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கப்பல் வேலை கிடைத்திருந்தாலும், வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்தப் பெண் என்ன சுகத்தைக் கண்டிருக்கப் போகிறாள்?

அதற்குப் பிறகுதான் எங்கள் செட் உண்மையிலேயே பெயர் வாங்கியது. காது கேளாதவன் பாட்டுப் போடுகிறான், அதுவும் மனசைப் படித்த மாதிரி போடுகிறான் என்று பார்க்கவே கூட்டம் வந்தது. ரோச் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். நான் திரைக்குள்ளிருந்து அவன் முதுகைத் தொடுவேன், அவன் கையை உயர்த்துவான், நான் பாட்டை மாற்றுவேன். ஜனங்கள் கை தட்டுவார்கள். கை தட்டுவதை அவன் கண்ணால் பார்த்துச் சிரிப்பான்.

ஒன்றிரண்டு விஷயங்கள்தான் சங்கடமாக இருந்தன. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்பம் என்ன பாட்டுளா ஓடுது?" என்று கேட்பான். அவன் கையில் விரலால் எழுதிக் காட்டுவேன். உடனே தாளம் தப்பிப் பாடத் தொடங்குவான், பந்தலில் பிள்ளைகள் சிரிக்கும். இன்னொரு நாள், "காதுக்குள்ள ஒரு குழாய் ஊளையிட்டுக்கிட்டே கெடக்குளா, நிறுத்தத் தெரியல," என்றான். அதைச் சொன்ன நாளிலிருந்து அந்த ஊளை எனக்கும் கேட்கிறது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, எனக்குப் பிடித்த அந்த அமைதியில், அது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் பாட்டுகளை இடைவெளி விடாமல் போடப் பழகினேன். ஜனங்கள் அதையும் ரசித்தார்கள்.

இந்த வருஷம் ரோச் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தான். எண்ணெயை நிறுத்தி மருந்து கொடுத்தார். இடது காதில் ஓட்டை மூடி வருகிறது என்றார். ஒருநாள் ரோச் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏளா பிலோமி, சைக்கிள் மணி கேட்டுச்சுளா! பின்னால வந்தவன் அடிச்சான், நான் வெலகுனேன்!"

எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த வாரமே அவன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினான். கப்பலில் காதைப் பெரிதாகப் பார்க்காத வேலையும் இருக்கிறதாம்.

கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில் கொடியேற்றத்துக்குப் போனோம். நல்ல வெயில். நடுப்பகல் தாண்டியிருக்கும். ரோச் குழாயைக் கட்டிவிட்டு, மேலிருந்து குனிந்து கத்தினான். "நல்லா கொறச்சு வைளா. எனக்குக் கேக்கான்னு பாப்போம்." தலையை உள்ளே விட்டான். குதிகாலால் தட்டினான்.

முள்ளைத் தட்டின் மேல் வைத்தேன். குமிழை முழுவதும் திருப்பினேன்.

ஒன்றும் வரவில்லை. தட்டு சுற்றவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ஊரெல்லாம் கரண்டு போயிருந்தது. விரலை எடுக்காமல் கரண்டு வருவதற்காகக் காத்திருந்தேன். அவன் மறுபடி தட்டினான். பிறகு, தன் காதுதான் சரியாகவில்லையோ என்று பயந்திருக்க வேண்டும், வேகமாக இறங்கி வந்து சேலையை விலக்கினான்.

அணைந்த விளக்கைப் பார்த்தான். தட்டின் மேல் முள்ளைப் பார்த்தான். பிறகு குமிழையும், அதன் மேல் இருந்த என் விரல்களையும் பார்த்தான். வோல்டேஜ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

ரோச்சின் காதுகளைக் கடல் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் விரல்களை மெதுவாக விலக்கி, குமிழைக் கடைசி வரை குறைத்து வைத்தான். சேலை கட்டியிருந்த கயிற்றில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஈர மணலில் இறங்கி, துறைமுகம் இருக்கிற திசையில் நடந்தான்.

அவன் வெகுதூரம் போன பிறகு கரண்டு வந்தது. தட்டு முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அது அவனுக்குப் பிடித்த பாட்டு, அவனுக்காகத்தான் எடுத்து வைத்திருந்தேன். அங்கிருந்து அவனுக்குக் கேட்காதே என்று, குமிழை மறுபடி முழுவதும் திருப்பினேன். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.