விலாசம் சொல்லாத இல்லம்

இக்கதையை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர்கள் முதற்கண் மன்னித்தருள வேண்டும். கொத்மலைப் பகுதியில், கொடியவர்களிடமிருந்து மீட்கப்பட்ட பெண்பிள்ளைகள் தங்கும் இல்லமொன்றில், மேட்ரன் நாகலெட்சுமியும் நிர்வாகக் குழுத் தலைவர் கஜேந்திரனும் பேசிக்கொண்டது இது. பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

கஜேந்திரன்: ...புள்ள ஓடிட்டான்னு இவ்வளவு சாதாரணமா சொல்றீங்களே மிஸ்?

நாகலெட்சுமி: வேற எப்படிச் சொல்லணும் சேர்? தப்பு மேளம் அடிச்சா? அதத்தான் நேத்தே அடிச்சாச்சே.

கஜேந்திரன்: நேத்து வரவேற்பு விழாவ விடுங்க. நிலக்ஷி எங்க?

நாகலெட்சுமி: எப்படி விடுறது? இத்தன வருஷமா வாசல்ல ஒரு போர்டுகூட இல்லாம இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க ஏதோ தையல் கிளாஸ்னு நெனச்சாங்க. நீங்க ரோட்டுலேருந்து தோரணம் கட்டி, ஊர்வலமா...

கஜேந்திரன்: கட்டடத்துக்கு உதவி செஞ்சவங்க வர்றாங்க! தப்பு செட் இல்லாம ஒரு வரவேற்பா? நம்ம மலையகத்து மரியாத என்னாகிறது?

நாகலெட்சுமி: நல்ல மரியாததான். செட்ட எங்கேருந்து புடிச்சீங்க?

கஜேந்திரன்: பொகவந்தலாவைலேருந்து. பிரமாதமா அடிக்கிறாங்க.

நாகலெட்சுமி: நிலக்ஷி எந்தத் தோட்டத்துப் புள்ள?

கஜேந்திரன்: எனக்கெப்படித் தெரியும்? புள்ளைங்க ஊரக் கேக்கக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?

நாகலெட்சுமி: சட்டத்த அவ்வளவு மதிக்கிறவரு, "வெளிய வரமாட்டேன்"னு எனக்குப் பின்னால ஒளிஞ்ச புள்ளய இழுத்து, கையில ஆரத்தித் தட்டக் குடுத்து முன்னால நிறுத்துனீங்களே.

கஜேந்திரன்: லட்சணமா இருக்கா, சிரிச்ச முகம்...

நாகலெட்சுமி: சிரிச்சாளா? அடிச்சது பூரா அவ தோட்டத்து லயத்து ஆளுங்க. ஒருத்தன் அடிய நிறுத்திட்டு, "அடியே, நீ உசுரோட இருக்கியா?"ன்னு கேட்டான். அதுக்கும் நீங்க கைதட்டுனீங்க.

கஜேந்திரன்: பாட்டுல வர்ற வரின்னு... நெனச்சேன்.

நாகலெட்சுமி: நெனப்பீங்க சேர். நெனப்பீங்க.

கஜேந்திரன்: அதுங்களே இப்படித்தான் மிஸ். சோறு போட்டு, தொழில் பழக்கினாலும் பழைய புத்தி...

நாகலெட்சுமி: "அதுங்க"ன்னா யாரு?

கஜேந்திரன்: ...கோவப்படாதீங்க. அவ நன்மைக்குத்தான் சொல்றேன். அவ மாமா எவ்வளவு மரியாதையாப் பேசினாரு தெரியுமா?

நாகலெட்சுமி: எந்த மாமா?

கஜேந்திரன்: அது... சோலைமலைன்னு...

நாகலெட்சுமி: கொழும்புல வீட்டு வேலைன்னு கூட்டிட்டுப் போயி அவள வித்தவன். அவன்மேலதான் வழக்கே நடக்குது. அவன் உங்களோட பேசினானா?

கஜேந்திரன்: காலைல எனக்குப் போன் எடுத்துப் பேசினாரு. செட்டுக்காரங்க தோட்டத்துல போயி அவ இங்க இருக்கான்னு சொல்லியிருக்காங்க. வழக்க வாபஸ் வாங்கினா நல்ல எடத்துல கட்டிக் குடுக்கிறேன்னாரு. குடும்பம் ஒண்ணு சேர்றது நல்லதுதானே? நம்ம இல்லத்துக்கும் கெட்ட பேரு வராது...

நாகலெட்சுமி: நீங்க என்ன சொன்னீங்க?

கஜேந்திரன்: ...பின்னேரம் வாங்க, பேசுவோம்னு.

நாகலெட்சுமி: பேஷ்! அவருக்கு மாலை யாரு போடுறது? நீங்களா, நானா?

கஜேந்திரன்: கிண்டல் வேணாம் மிஸ்! ஆளு பாதி வழி வந்தாச்சு. நான் என்ன பதில் சொல்றது? எந்தப் பக்கம் ஓடினா, அதையாவது...

நாகலெட்சுமி: அவ ஓடல சேர். விடியக்காலைல நன்னடத்தை உத்தியோகத்தர் நோனாம்மாவும் நானும்தான் அவள வேறொரு இல்லத்துல கொண்டுபோய் விட்டோம். எங்கன்னு உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டோம். நேத்து விழாவால அவளுக்குப் போனதச் சொல்றேன், கேட்டுக்குங்க. பள்ளிக்கூடம் போச்சு. இந்த வருஷ ஓ.எல். பரீட்ச போச்சு. ராவுல பயந்தா கையப் புடிச்சிக்கிற கூட்டாளி ஸஹ்லா போனா. ஜன்னலத் தொறந்து வச்சித் தூங்கப் பழகியிருந்தா, அதுவும் போச்சு. புது எடத்துல அடையாளம் தெரியக்கூடாதுன்னு நிலக்ஷிங்கிற பேரும் போச்சு.