ஹெஸ்லப் வீட்டு லீக்ஸ்

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு சாண்ட்விச் கொண்டுபோவது நல்லது. காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். எல்லோரையும் பத்து மணிக்கே வரச் சொல்வார்கள். கூப்பிடுவது அவர்கள் இஷ்டம். கூடத்தில் ஒரு காபி இயந்திரம் இருக்கிறது. காசு வாங்கிக்கொள்வதை மட்டும் அது ஒழுங்காகச் செய்கிறது.

உடுப்பிலும் கவனம் வேண்டும். நான் சூட் போட்டு, அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு போனேன். ஹெஸ்லப் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் ஷூ பளபளக்க ஏற வேண்டும். அங்கே காத்திருந்த மற்றவர்கள் எல்லோரும், படுக்கையிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கழுத்தில் சிலந்தியைப் பச்சை குத்தியிருந்த ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீங்க வக்கீலா பெரியவரே?”

“இல்லை. என் மேல்தான் வழக்கு.”

“அட. காரை வேகமா ஓட்டிட்டீங்களா?”

“லீக்ஸ் விஷயம்” என்றேன். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

கறுப்பு அங்கி போட்ட ஓர் அம்மாள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். “எட்வின் ஹெஸ்லப் யாரு? நீங்கதானா கண்ணு? வாங்க வாங்க.” எழுபத்தெட்டு வயதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். என் மனைவி, அவள் இருந்தவரை, நாலு பேர் முன்னால் என்னை மிஸ்டர் ஹெஸ்லப் என்றே சொல்வாள்.

உள்ளே மூன்று பேர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. பல் டாக்டர், பள்ளிக்கூட டீச்சர், திரைச்சீலை வியாபாரி, இப்படி யாராவது இருப்பார்கள். சட்டம் தெரிந்த ஒருவர் அவர்களுக்குக் கீழே உட்கார்ந்து, அவர்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதை மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார். உங்களைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்துவார்கள். பெயர், பிறந்த தேதி, விலாசம் கேட்பார்கள்.

அவ்வளவுதான். நான் எதிர்பார்க்காதது அதுதான். குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேச மூன்று வாரமாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

“அதெல்லாம் இன்னிக்கு இல்ல, மிஸ்டர் ஹெஸ்லப். உக்காருங்க” என்றார் கீழே இருந்தவர். நடுவில் இருந்த பெண்மணி, இந்த வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை, மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் தயார் செய்த பேச்சு வீணாகக் கூடாது. உங்களிடம் சொல்கிறேன்.

லீக்ஸ் என்றால் கடையில் கட்டுக்கட்டாக விற்கிற, வெங்காயத்தாள் மாதிரியான அந்த ஒல்லிச் சமாச்சாரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் சுரங்க ஊர்களில் நாங்கள் வளர்ப்பது தொடைப் பருமன் இருக்கும். செப்டம்பரில் ஊர்க் கிளப்பில், யாருடையது பெரிது என்று போட்டி நடக்கும். தாத்தா ஜெயித்தார், அப்பா ஜெயித்தார், நான் ஜெயித்தேன். கோப்பையில் எங்கள் பெயரைப் பொறித்துப் பொறித்து இடம் தீர்ந்துபோய் அடியில் ஒரு பலகை சேர்த்தார்கள். எங்கள் நாற்று எங்கள் தோட்டத்தைத் தாண்டி வெளியே போனதில்லை. சாகக் கிடந்த தம்பிக்குக்கூட அப்பா கொடுக்கவில்லை.

என் மகள் மொய்ரா அதைத் தன் கணவனுக்குக் கொடுத்தாள்.

கீத் டாட்ஸ் நல்ல பிள்ளைதான். பிளம்பர். அவன் பாத்தியில் என் லீக்ஸ் நிற்பதை வேலிக்கு மேலாகப் பார்த்தேன். அந்த வெள்ளைத் தண்டை உலகத்தில் எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். என்னுடையதைவிடப் பருமனாக இருந்தது. கோப்பையில் டாட்ஸ் என்று பொறிப்பார்கள். எங்கள் வீட்டுச் செடிக்கு இன்னொரு வீட்டுப் பெயர்.

அப்பா காலத்துக் களைக்கொல்லி டின் ஒன்று கொட்டகையில் கிடந்தது. இப்போது அதை விற்க அனுமதியில்லை. போட்டிக்கு முன் வாரம் அதைக் கீத்தின் பாத்தியில் ஊற்றினேன். செடி வாடும் என்று நினைத்தேன். அது எங்கள் வீட்டு லீக்ஸ் என்பதை மறந்துவிட்டேன். வாடவில்லை. நிமிர்ந்து நின்று முதல் பரிசு வாங்கியது.

மறுநாள் மதியம், போட்டிக்கு வந்த லீக்ஸையெல்லாம் நறுக்கிச் சூப் வைத்து, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கிளப்பில் ஊற்றுவது வழக்கம். ஜெயித்ததுதான் முதலில் பானைக்குப் போகும். மொய்ரா கரண்டியோடு நின்றாள்.

“என்னப்பா, தொடவே இல்ல? கோபமா?”

“வயிறு சரியில்லை.”

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று போலீஸ்காரர் சொன்னார். யோசித்துப் பாருங்கள். கிளப் முழுக்க ஆட்கள். அத்தனை பேர் முன்னால், ஒரு ஹெஸ்லப் ஏமாற்றினான் என்று ஒரு ஹெஸ்லப்பே எழுந்து சொல்வதா?

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. மொய்ரா தனக்கு ஊற்றிக்கொள்ளப் போனபோது, என் மாத்திரையை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். கீத்தை எங்கும் அனுப்பவில்லை.

என் பக்கத்தில் நார்மன் ராப்சன் உட்கார்ந்திருந்தான். கிளப் செயலாளர். சுரங்கத்தில் மேற்கூரை சரிந்தபோது என் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன்.

“என்னடா எட்வின், மருமகன் ஜெயிச்சது தொண்டையில இறங்கலியா?”

“வயிறு சரியில்லைடா.”

“பொறாமைக்கு நல்ல பேரு வச்சிருக்க. சரி, வீணாக்காத, இங்க தள்ளு.”

தள்ளினேன்.

சூப் குடித்த மற்றவர்களைப் போலக் கீத்தும் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டான், அவன் எப்போதுமே அதிர்ஷ்டக்காரன். நார்மனுக்கு இரண்டு கிண்ணம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை இறந்தான். அடக்கத்துக்கு நான் இதே சூட்டில்தான் போனேன். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கொட்டகையில் டின்னைக் கண்டெடுத்து போலீஸிடம் கொடுத்தது மொய்ரா. கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. டையைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஜாமீனில் வெளியே வந்ததும் என் வக்கீல், “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டாள். ஒன்றே ஒன்று இருந்தது. கிளப் விதி தெளிவாக இருக்கிறது. ஜெயித்த லீக்ஸில் ரசாயனம் கண்டுபிடிக்கப்பட்டால் அது தள்ளுபடி. கோப்பை இரண்டாவதாக வந்தவருக்கு. இரண்டாவதாக வந்தது நான்.

அதைக் கேட்டதும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சின்னப் பெண், கிளப் நடைமுறை அவளுக்கு எப்படித் தெரியும். வீட்டு அலமாரியில் இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். கோப்பையைச் செயலாளர்தான் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். இந்த வருடம் ஏனோ இன்னும் யாரும் வரவில்லை.