கூண்டு மாறிய குட்டி

— கத வேணாம்க்கா. நம்ம ரத்த ரிப்போர்ட்டு வந்துச்சா இல்லியா?

— வந்துச்சு. டீயக் குடி மொதல்ல, ஆறிப் போவுது.

— மெட்ராஸ்லேர்ந்து வந்து வேப்பூர்ல பஸ்ஸு மாறி, வூட்டுக்குக்கூடப் போவாம பொம்மக் கம்பெனி வாசல்ல வந்து நிக்கற. நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்ப.

— நல்ல சேதிதான்டா சகாயம். அப்பாவுக்கு வந்த நோவு ஒனக்கு இல்ல.

— எனக்கு இல்லியா?

— இல்லடா. ஒனக்கு இல்லன்னா ஒன் பொண்ணுக்கும் வராது. நிம்மதியாத் தூங்கு.

— ஒனக்கு?

— எனக்கு இருக்குது.

— அக்கா...

— அப்பா மாதிரி நானும் பஸ்ஸுக் கம்பியப் புடிச்சா விட முடியாம, அடுத்த ஸ்டாப்புல போய் எறங்குவேன். டாக்டருங்க கணக்குல அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்குது.

— வெளாடாதக்கா.

— அழுவணுமா? நான் வேல செய்யற ஆராய்ச்சி சென்டர்ல இதே கோளாறோட பொறக்க வெச்ச எலிங்க நூத்தி இருவது இருக்குது. நான்தான் தீனி போடறேன். தூக்கினா நல்ல எலி கம்பிய டக்குனு விட்டுடும். நோவு எலி விடாது.

— விடாதா...

— விட முடியாதுடா. வெரலு ஒண்ணொண்ணாத்தான் பிரியும். இப்ப புது மருந்து குடுத்த எலிங்க சட்டுனு விடுது. அடுத்த வருஷம் மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கறாங்க. என் பேரச் சேத்தாச்சு.

— நோவு முத்தறதுக்குள்ள குடுத்தாதான் கேக்குமா?

— ஆமா. ஒனக்கு எதுக்குடா அந்தக் கவல? அது கெடக்குது, அச்சு வேலயிலேர்ந்து ஏன் பேக்கிங்குக்கு வந்துட்ட?

— குடில் பொம்ம ஆர்டரு. கிறிஸ்மஸுக்கு முன்ன அனுப்பணும்ல.

— வாசல்ல ஒங்கூட வேல செய்யற மாயவன் வேற மாதிரி சொன்னான். நீ அச்சுலேர்ந்து எடுக்கற ஆட்டுக்குட்டியெல்லாம் கழுத்து நசுங்கிப் போவுதாமே.

— அவனுக்கு வாய் ஜாஸ்தி... ஏன்க்கா, அந்த டெஸ்ட்டு தப்பாவே காட்டாதா?

— காட்டாது. போன மாசம் ஒரு எலிக்குட்டியக் கூண்டு மாத்தி வெச்சுட்டேன். எல்லாம் ஒரே வெள்ள, கண்ணுக்குத் தெரியல. காதோரம் துளி கிள்ளி டெஸ்ட்டு பண்ணாங்க. இது இந்த ஆத்தா போட்ட குட்டி இல்லன்னு வந்துடுச்சு. செம திட்டு எனக்கு.

— குட்டி மாறினதுகூடத் தெரிஞ்சுடுமா?

— ஏன்டா மூஞ்சி இப்பிடிப் போவுது?

— ஒண்ணுமில்ல. மணி அடிச்சுட்டாங்க. போறேன்.

— போ. டம்ளர வெச்சுட்டுப் போ.

— வெக்கிறேன்.

— கடக்காரரு பாக்கறாரு. வெய்யிடா.

— வெக்கிறேங்கறேன்ல...

— டீ முடிஞ்சு எவ்ளோ நேரமாவுது. ஏன் இன்னும்... சகாயம். கையக் காட்டு. வெரல விரி.

— விரியலக்கா. கொஞ்ச நேரம் ஆவும்.

— எத்தினி நாளா?

— பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து.

— அப்ப ரிப்போர்ட்டு?

— ரத்தம் எடுக்க வந்தாங்கல்ல, அன்னிக்கு... பயந்துட்டேன்க்கா. என் பேரச் சொல்லி மாயவன உக்கார வெச்சேன். அது அவன் ரத்தம்.

— மாயவன் ரத்தமா!

— திட்டுக்கா. ரெண்டு அடி வேணாலும் அடி... என்னக்கா, சிரிக்கறியா அழுவறியா?

— ரெண்டு ரத்தமும் கூடப் பொறந்ததுங்களோடது இல்லன்னு டாக்டரம்மா தனியாக் கூப்புட்டு சொன்னாங்கடா. ஒன்ன எங்கேர்ந்தோ எடுத்து வளத்திருக்காங்கன்னு நெனச்சேன். அத மட்டும் ஒங்கிட்ட சொல்லிடக் கூடாதுன்னு ரெண்டு நாளா முழுங்கிக்கிட்டு வந்தேன்... நீ என் கூடப் பொறந்தவன்தான்டா. கெளம்பு, மெட்ராஸ் போய் ஒன் ரத்தத்தக் குடுக்கலாம். வேப்பூர் பஸ்ஸு நிக்கிது.